எந்தப் பிராயத்தில் பிரெஞ்சு?

கனடா தேசத்தில் மார்கழி கழிந்து தை பிறக்கும் பனிக்காலத்தில், நான்கு வயதோ ஐந்து வயதோ நிரம்பப்போகிற குழந்தை இருக்கும் வீடுகள் பலவற்றில், இராச் சாப்பாடு முடிந்த பின்பும் பெற்றோர் மேஜையை விட்டு எழாமல் தாழ்ந்த குரலில் நடத்துகிற விவாதம் ஒன்று உண்டு. குழந்தையைச் சாதாரண ஆங்கிலப் பாடசாலையில் சேர்ப்பதா, கணக்கு முதல் சித்திரம் வரை சகல பாடங்களையும் பிரெஞ்சிலேயே போதிக்கிற ‘இமெர்ஷன்’ வகுப்பில் இப்பொழுதே விட்டுவிடுவதா, அல்லது ஆங்கிலத்தில் எழுத்தும் வாசிப்பும் ஊன்றிய பின்பு நான்காம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ அதில் சேர்க்கலாம் என்று காத்திருப்பதா என்பதே அந்த விவாதம். இத்தகைய பேச்சொன்றில், டொராண்டோ நகரின் கீழ்ப்புறமாகிய ஸ்கார்பரோவில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய நண்பர் ஒருவருடைய வீட்டில், நானும் உடனிருக்க நேர்ந்தது. “இப்ப விட்டால் பிறகு நாக்குத் திரும்பாதாமே, அண்ணை?” என்று குழந்தையின் தாய் என்னைப் பார்த்துக் கேட்டார். “முதலிலை ஒரு பாஷையிலை வாசிக்கப் பழகட்டும், பிறகு பாப்பம்” என்றார் தகப்பனார். அதுவரை வாய் திறவாமல், பேத்தியின் கம்பளிக் கையுறையில் விட்டுப்போயிருந்த தையலைச் சரிசெய்துகொண்டிருந்த பாட்டியார், “அப்ப தமிழ் எங்கை போறது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடியும் ஊசியில் கண் பதித்தார். வீடு திரும்பிய பின்பும் அம்மூவருடைய வார்த்தைகளும் என்னை விடவில்லை. ஏனெனில் அறுபது ஆண்டுகளாக அறிஞர்கள் ஆராய்ந்து வருகிற விஷயத்தின் பெரும்பகுதி அம்மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

மான்ட்ரியால் நகரத்துக்கு எதிரே, செயிண்ட் லாரன்ஸ் நதியின் தென்கரையில், விக்டோரியா பாலத்தைக் கடந்தவுடன் வருகிற செயிண்ட் லாம்பெர்ட் என்னும் சிற்றூரிலேதான் இந்தக் கல்விமுறை உருப்பெற்றது. கியூபெக் மாகாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஜனங்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஆயினும் 1960 வரையில் வியாபாரமும் பெரிய உத்தியோகங்களும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் வசமே இருந்தமையால், அவர்களில் அநேகர் ஆயுள் முழுவதும் பிரெஞ்சு நன்கு அறியாமலே அங்கு வாழ்ந்து முடித்தார்கள். அந்த ஆண்டில் தொடங்கிய ‘அமைதிப் புரட்சி’ மாகாணத்தின் அரசியலையும் சமுதாயத்தையும் மாற்றத் தலைப்பட்டபோது, இனி நம் பிள்ளைகள் இந்த மண்ணில் அந்நியராக வளர்வது தகாது என்று முதலில் உணர்ந்தவர்கள் மந்திரிகளோ பேராசிரியர்களோ அல்லர். பாடசாலையில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு இலக்கணம் படித்தும், பக்கத்து வீட்டுக்காரியோடு நாலு வார்த்தை பேச முடியாமல் நின்ற தாய்மார்கள். ஓல்கா மெலிகாஃப், மூரியல் பார்க்ஸ், வலரி நீல் முதலிய பெற்றோர் 1963 முதற்கொண்டு கூடிப் பேசியும், மனுக்கள் எழுதியும், நம்பிக்கை சற்றும் இல்லாத கல்விக் குழுவினரை மீண்டும் மீண்டும் கண்டு வேண்டியும், 1965 செப்டம்பரில் ஒரு பாலர் வகுப்பைப் பரீட்சார்த்தமாகத் திறக்கச் செய்தனர்.

அந்த வகுப்பின் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நன்று. ஆசிரியை பிரெஞ்சு ஒன்றையே பேசுவாள். குழந்தைகளோ முதல் ஆண்டில் தங்களுக்குள்ளும் அவளிடமும் ஆங்கிலத்திலேயே பேசலாம், அதற்குக் கண்டனம் கிடையாது. தண்ணீர் வேண்டும் என்று ஒரு குழந்தை ஆங்கிலத்தில் கேட்டால், அவள் அதைப் புரிந்துகொண்டவளாய், அதே கேள்வியைப் பிரெஞ்சில் முழு வாக்கியமாகச் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். ‘இதை நீ சொல்’ என்று வற்புறுத்த மாட்டாள். காலையில் தொப்பியையும் கழுத்துத் துணியையும் கையுறைகளையும் பனிக்காலணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முளையில் மாட்டும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வாள். மாலையில் மறுபடியும் ஒவ்வொன்றாக அணிவிக்கும்போது சொல்வாள். ஐந்து மாதக் குளிர்காலத்தில் இப்படி இருநூறு தடவை கேட்ட சொல், ஒருநாள் கேட்காமலே குழந்தையின் வாயிலிருந்து வந்துவிடும். தாய்மடியில் நாம் தமிழ் கற்றது எவ்வாறோ, ஏறக்குறைய அவ்வாறே இது. ஒன்றாம் வகுப்பும் முழுமையாகப் பிரெஞ்சிலேயே நடந்தது, எழுத்தறிவித்தல் உட்பட. இரண்டாம் வகுப்பிலேதான் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆங்கிலப் பாடம் நுழைந்தது. ஆறாம் வகுப்பை எட்டும்போது இரு மொழிகளும் ஏறத்தாழச் சமபங்கு பெற்றன.

ஐந்து வயதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதற்குக் காரணம் மான்ட்ரியால் நரம்பியல் நிலையத்தை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மூளைச் சத்திர வைத்தியருடைய அபிப்பிராயம். காக்காய்வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்களுடைய மூளையைத் திறந்து, மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டு, பேச்சு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று தேடியவர் அவர். இடப்பக்கத்துப் பேச்சு மண்டலம் சேதமுற்ற சிறு குழந்தை, வலப்பக்கத்தைக் கொண்டு மறுபடியும் பேசக் கற்றுக்கொள்வதையும், அதே சேதம் அடைந்த பெரியவர் அவ்வாறு மீளாததையும் கண்டறிந்து, அதிலிருந்து மொழி கற்பதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்தார்: ஏறக்குறைய ஒன்பது வயதுக்குப் பின் மூளை இவ்விஷயத்தில் நெகிழ்ச்சி குன்றி இறுகத் தொடங்குகிறது, ஆகவே அந்நிய மொழிகளை அதற்கு முன்னரே, தாய் கற்பிக்கிற வழியில் கற்பிக்க வேண்டும். ராபர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1959-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. 1967-இல் எரிக் லென்னபர்க், அந்த எல்லையைப் பூப்பெய்தும் பருவத்தில் நிறுத்தி, அதற்கு உயிரியல் சாஸ்திரத்தின் ஆதாரங்களைத் தந்தார். செயிண்ட் லாம்பெர்ட் பெற்றோர் பென்ஃபீல்டிடம் ஆலோசனை பெற்றவர்கள். அவருடைய சொல் அவர்களுக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது. ஆனால் பென்ஃபீல்டு கண்டது காயமுற்ற மூளை இழந்த பேச்சைத் திரும்பப் பெறுவதை. ஆரோக்கியமான பிள்ளை வகுப்பறையில் இரண்டாம் மொழி கற்பதை அன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்தது மேதையின் ஊகமே ஆயினும், ஊகம் ஊகமே. ஸ்கார்பரோ வீட்டுத் தாயின் அச்சம் அந்த ஊகத்தின் தூரத்து எதிரொலி.

அந்த வகுப்பின் கதி என்னவாகிறது என்று ஆண்டுதோறும் பரிசோதித்தவர்கள் மெக்கில் சர்வகலாசாலையின் வாலஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்டு டக்கரும். இரு மொழி பயிலும் பிள்ளையின் புத்தி குழம்பிப்போகும் என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. 1962-இலேயே எலிசபெத் பீல் என்னும் மாணவியோடு சேர்ந்து, மான்ட்ரியாலின் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, அந்த நம்பிக்கை பிழை என்று காட்டியிருந்தவர் லாம்பெர்ட். 1972-இல் லாம்பெர்ட்டும் டக்கரும் வெளியிட்ட நூலின் சாரம் இது: பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சு ஒருபோதும் குறைவுபடவில்லை, ஆங்கில வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் ஆரம்ப வகுப்புகளில் பின்தங்கின, ஆங்கிலப் பாடம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அந்தப் பின்னடைவு மறைந்தது, கணிதத்தில் குறைவில்லை, பிரெஞ்சைக் கேட்டு அறிவதிலும் வாசிப்பதிலும், நாள்தோறும் அரைமணிப் பாடம் கேட்ட பிள்ளைகள் எட்ட முடியாத உயரத்தை எட்டினர். பின்பு ஒன்டாரியோவில் மெரில் ஸ்வெய்னும் ஷாரன் லாப்கினும் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. 1969-இல் மத்திய அரசாங்கம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஆட்சிமொழிகளாக்கிச் சட்டம் செய்ததும், ஆற்றங்கரைச் சிற்றூரின் பரீட்சை தேசம் முழுவதும் பரவியது. இன்று கியூபெக்குக்கு வெளியே 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இம்முறையில் பயில்கிறார்கள். ஐந்தாறு வயதில் சேர்வது ‘முந்தியது’, நான்காம் ஐந்தாம் வகுப்பில் சேர்வது ‘இடையது’, ஆறாம் ஏழாம் வகுப்பில் சேர்வது ‘பிந்தியது’ என்று மூன்று வாயில்கள் ஏற்பட்டுவிட்டன. எல்லா மாகாணத்திலும் மூன்றும் திறந்திருப்பதில்லை.

தாயின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். நாக்குத் திரும்பாது என்பது உண்மையா? நாக்கைக் காட்டிலும் செவியே இங்கு முக்கியம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜானெட் வெர்க்கர் என்னும் பெண்மணி 1984-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை தமிழருக்கு விசேஷமான சுவை உடையது. நாம் ட என்றும் த என்றும் எளிதில் பிரித்துணரும் இரு ஒலிகளை, இந்தி மொழியிலிருந்து எடுத்து, ஆங்கிலம் பேசுவோர் வீட்டுக் கைக்குழந்தைகளுக்குக் கேட்பித்தார். ஆறு மாதக் குழந்தைகள் அவ்விரண்டின் வேற்றுமையை உணர்ந்து, ஒலி மாறியதும் தலையைத் திருப்பின. பத்து மாதம் கடந்தவற்றுள் பெரும்பாலானவை அந்த நுண்மையை இழந்திருந்தன. அப்படியானால் செவியின் முதல் கதவு ஐந்து வயதில் அன்று, ஒரு வயது நிறையும் முன்னமே சாத்தத் தொடங்கிவிடுகிறது. ஆயினும் அது ஒரேயடியாக அடைபடுவதில்லை. பல ஆண்டுகள் ஒருக்களித்துக் கிடக்கிறது. கொரியாவிலும் சீனத்திலும் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்களை ஆராய்ந்து ஜான்சனும் நியூபோர்ட்டும் 1989-இல் வெளியிட்ட கட்டுரை, ஏழு வயதுக்குள் வந்தவர்களுடைய இலக்கண உணர்வு அத்தேசத்தாருடையதற்கு ஒப்பாயிருக்க, பின்னர் வந்தவர்களுடையது வந்த வயதுக்கேற்பப் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. ஏறக்குறைய 6,70,000 பேரைச் சோதித்து 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, இலக்கணம் கற்கும் வல்லமை 17 வயது வரையில் பெரிதும் குன்றாமல் நிற்கிறது என்றும், ஆயினும் முழுத் தேர்ச்சிக்கு ஆண்டுகள் பல வேண்டியிருப்பதால் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் தொடங்குவதே உசிதம் என்றும் கணித்தது. எனவே தாய் சொன்னதில் உண்மை உண்டு.

ஆனால் ஜான்சனும் நியூபோர்ட்டும் ஆராய்ந்தவர்கள், கற்கும் மொழி வீதியெங்கும் ஒலிக்கிற தேசத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மான்ட்ரியாலில் குடியேறுகிற ஈழத் தமிழ்க் குழந்தை, 1977-இன் மொழிச் சட்டப்படி பிரெஞ்சுப் பாடசாலைக்கே போக வேண்டும். எந்த வயதில் சேரலாம் என்ற விசாரமே அதற்கு இல்லை, வந்த வயதே சேரும் வயது. பேருந்திலும் கடையிலும் விளையாட்டு மைதானத்திலும் பிரெஞ்சே காதில் விழுவதால், பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளைகூடச் சில ஆண்டுகளில் தங்கு தடையின்றிப் பேசுகிறது. ஸ்கார்பரோவிலோ, பாடசாலை மணி அடித்ததும் பிரெஞ்சு முடிந்துபோகிறது. வாசல் தாண்டினால் ஆங்கிலம், வீட்டுக்குள் தமிழ். பால் அட்டைப் பெட்டியின் மறுபக்கத்தில் சட்டத்துக்காக அச்சிட்ட பிரெஞ்சு எழுத்து ஒன்றே அங்கு அம்மொழிக்கு இருப்பிடம். வீதியின் ஆய்வைக் கொண்டு வகுப்பின் வயதை நிர்ணயிப்பது, ஆற்றில் நீந்தினவனுடைய கணக்கைக் கிணற்றில் நீந்துகிறவனுக்குச் சொல்வதாகும்.

வகுப்பறையை வைத்து ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த விடை அக்காலத்தில் பலரைத் திகைக்கச் செய்தது. மான்ட்ரியாலில் ஃபிரெட் ஜெனிஸீ, பாலர் வகுப்பு முதல் பிரெஞ்சில் பயின்ற பிள்ளைகளையும், ஏழாம் வகுப்பில் தொடங்கி இரண்டே ஆண்டுகள் முனைந்து பயின்ற பிள்ளைகளையும் அருகருகே வைத்து அளந்தபோது, பிந்தியவர்கள் பல பரீட்சைகளில் முந்தியவர்களுக்கு இணையாக நின்றார்கள். நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரை ஆராய்ந்து ஸ்னோவும் ஹூஃப்நாகல்-ஹூலேயும் 1978-இல் வெளியிட்டதிலும், ஆரம்ப மாதங்களில் மிக விரைவாக முன்னேறியவர்கள் சிறு குழந்தைகள் அல்லர், பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களுமே. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர், சம அளவு மணி நேரம் ஆங்கிலம் பயின்ற பிள்ளைகளை ஒப்பிட்டதிலும், பிந்தித் தொடங்கியவர்களே முன்னின்றார்கள். காரணம் தெளிவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மொழியில் வாசிக்கத் தெரியும். வினைச்சொல் என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்று தெரியும். விதியைச் சொன்னால் பற்றிக்கொள்ளும். பனி உருகி நதி பெருகுவதைப் பற்றிய பாடத்தைப் பிரெஞ்சில் படிக்கும்போது, விஷயம் முன்பே பாதி தெரிந்திருப்பதால் சொல்லுக்குப் பொருள் தானே விளங்குகிறது. ஆனால் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஏழாம் வகுப்பில் தானே விரும்பி இக்கடினத்தை மேற்கொள்கிறவன் பெரும்பாலும் படிப்பில் ஊக்கமும் திறமையும் மிக்கவன். அவனை, வயதின் நிமித்தம் எல்லோரும் சேர்ந்த பாலர் வகுப்போடு ஒப்பிடுவது முழுமையான நீதி ஆகாது.

இவ்விஷயத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பர்ஜிட் ஹார்லியும் டக் ஹார்ட்டும் ஒன்டாரியோவில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு. முந்திச் சேர்ந்து மேலான தேர்ச்சி பெற்றவர்களிடம் ஓங்கி நின்ற மனோசக்தி எது, பிந்திச் சேர்ந்து மேலான தேர்ச்சி பெற்றவர்களிடம் ஓங்கி நின்றது எது என்று அவர்கள் தேடினர். முந்தியவர்களிடம் தேர்ச்சியோடு இணைந்து வந்தது ஞாபகசக்தி. பிந்தியவர்களிடம் இணைந்து வந்தது மொழியைப் பகுத்தறியும் ஆற்றல். அதாவது ஆறு வயதுக் குழந்தை பிரெஞ்சைக் கேட்டுக் கேட்டு அப்படியே உட்கொள்ளுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பிரித்துப் பார்த்துக் கற்கிறது. வயது மாறினால் கற்கும் வேகம் மட்டுமன்று, கற்கும் மனமே மாறிவிடுகிறது. பகுத்துணரும் சக்தி மெலிந்த பிள்ளைக்குப் பிந்திய வாயில் குறுகலானது. முந்திய வாயிலோ அதற்கும் அகன்று கிடக்கிறது. ஐந்து வயதில் தொடங்குவதன் பெரிய புண்ணியம் உச்சரிப்பன்று, அந்த வயது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறது என்பதே என்று நான் கருதுகிறேன்.

முந்தியவர்கள் பெறாதது ஒன்றும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் பிரெஞ்சில் பயின்றும் அவர்கள் பிரெஞ்சுக்காரரைப்போல் பேசுவதில்லை. பிரெஞ்சில் சூரியன் ஆண்பால், சந்திரன் பெண்பால், மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். இந்தப் பால் வேறுபாட்டில் அவர்கள் கடைசிவரை வழுக்குகிறார்கள். எனக்கு ஏழு வயது என்பதைப் பிரெஞ்சுக்காரன், தனக்கு ஏழு ஆண்டுகள் உண்டு என்று சொல்லுவான். இப்பிள்ளைகளோ ஆங்கில அச்சிலே வார்த்து, நான் ஏழு ஆண்டுகளாய் இருக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். தமிழன் காதுக்கு உடனே புரிகிற மற்றொரு குறையும் இருக்கிறது. நமக்கு நீ, நீங்கள் போலப் பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ என்று இரண்டு உண்டு. வகுப்பிலே ஆசிரியை பிள்ளையை நோக்கிப் பெரும்பாலும் ‘தூ’ என்கிறாள், பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘தூ’ என்கின்றனர்; ‘வூ’ காதில் விழுந்தாலும் அது பலரைக் குறிப்பதாகவே விழுகிறது. ஆகவே இப்படிப் பயின்ற பையன் பதினைந்து வயதில் கியூபெக் நகரத்துக் கடைக்குள் நுழைந்து, வயோதிகரான கடைக்காரரை ‘நீ’ என்று அழைத்துவிடுகிறான். துடுக்கினால் அன்று, மரியாதைச் சொல்லுக்கு வேண்டிய மனிதர்கள் அவனுடைய பிரெஞ்சு உலகத்தில் இருந்ததே இல்லை. இதைக் கண்டே ஸ்வெய்ன் 1985-இல், கேட்பது மட்டும் போதாது, பிள்ளை தன் வாயால் திருத்தமாகச் சொல்லும்படி தூண்டப்பட்டாலன்றித் தேர்ச்சி நிரம்பாது என்று வாதித்தார். இந்தக் குறை தொடங்கிய வயதால் வந்ததன்று. பேசக் கிடைத்த மனிதர்களால் வந்தது.

இப்படியாக வயது என்பது நாம் நினைத்த அளவுக்கு ஏகசக்கராதிபதி அன்று என்று புலப்படும்போது, அதனிடத்தில் அமர்வது காலத்தின் அளவு. ஒன்டாரியோ பாடத்திட்டம் இதை மணிக்கணக்கிலேயே கூறுகிறது: சாதாரணப் பிரெஞ்சுப் பாடத்துக்கு எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 600 மணி, விரிவான பாடத்துக்கு 1,260 மணி, இமெர்ஷனுக்கு 3,800 மணி. பிந்தி வருகிறவன் விரைவாகக் கற்றாலும் அவனுக்குக் கிடைக்கிற மணிகள் குறைவு. முந்தி வருகிறவன் மெதுவாகக் கற்றாலும் அவனிடம் மணிகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டால், அந்தச் செல்வம் சில ஆண்டுகளில் கரைந்துபோகிறது. உயர்நிலைப் பள்ளியில் பலர் விட்டும் விடுகிறார்கள். ஆகையால் பெற்றோர் விசாரிக்க வேண்டியது தொடங்கும் வகுப்பை மட்டும் அன்று. அந்தப் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இமெர்ஷன் நடக்கிறதா, எவ்வளவு தூரம் பேருந்தில் போக வேண்டும், தகுந்த பிரெஞ்சு ஆசிரியர்கள் கிடைக்கிறார்களா என்பவற்றையும்தான்.

வயதை அரசாங்கம் தொட்டால் என்ன நேரும் என்பதற்கு நியூ பிரன்ஸ்விக் மாகாணம் சாட்சி. ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரெஞ்சு பேசுகிற, சட்டப்படி முழுமையாக இருமொழி கொண்ட ஒரே மாகாணம் அது. 2008-இல் அங்கிருந்த மந்திரி, ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் இமெர்ஷனை ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் வகுப்பில் தீவிரப் பிரெஞ்சு என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முந்திய இமெர்ஷனில் திரண்டுவிட, ஏழைப் பிள்ளைகளும் கற்றலில் இடர்ப்படுகிற பிள்ளைகளும் ஆங்கில வகுப்பில் தேங்கிவிடுகின்றனர் என்று டக் வில்ம்ஸ் முதலியோர் எடுத்துக்காட்டி வந்தனர். பெற்றோர் நியாயஸ்தலத்துக்குப் போனார்கள். ஜனங்களைப் போதிய அளவு கலந்து பேசவில்லை என்று தீர்ப்பாயிற்று. கடைசியில் மூன்றாம் வகுப்பு என்று சமரசம் ஏற்பட்டது. 2017-இல் வேறோர் அரசாங்கம் மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டு வந்தது. அடுத்து வந்த அரசாங்கம் இமெர்ஷனையே நீக்கிவிட்டு, எல்லோருக்கும் பாதி நேரம் பிரெஞ்சு என்ற திட்டத்தைக் கொண்டுவர, பெற்றோரும் ஆசிரியர்களும் கூட்டங்களில் கொதித்தெழுந்ததால் 2023 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாகாணத்துக் குழந்தைகளின் தொடங்கும் வயது இத்தனை தடவை பந்தாடப்பட்டதைக் காணும்போது மனம் நோகிறது. எந்த வயதாயினும் அதில் நிலைத்திருந்திருந்தால், ஆசிரியர்களாவது தம் முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

கற்றலில் இடர்ப்படுகிற பிள்ளையைப் பற்றி 1970-களிலேயே பெரிய வாதம் எழுந்தது. ஆட்டவாவில் ரானல்டு டிரைட்ஸ், சில பிள்ளைகளுக்கு மூளை முதிர்ச்சியில் ஒரு தாமதம் உண்டு, அவர்கள் முந்திய இமெர்ஷனிலிருந்து விலகிப் பின்னொரு வயதில் வந்தால் தேறலாம் என்றார். மான்ட்ரியாலில் மார்கரெட் புரூக், மொழித்திறன் குன்றிய பிள்ளைகள் இமெர்ஷனில் படும் சிரமத்தையே ஆங்கில வகுப்பிலும் படுகிறார்கள், இமெர்ஷனிலோ கூடுதலாகப் பிரெஞ்சையாவது பெறுகிறார்கள் என்று காட்டினார். எனக்கு இரண்டாமவரின் பக்கமே சாய்வு. ஆயினும் உதவியாசிரியர் இல்லாத பாடசாலையில் அழுதுகொண்டே போகிற குழந்தையை, ஒரு கொள்கைக்காக அங்கேயே இருத்தி வைப்பதற்கு யாரும் உடன்பட முடியாது.

இனிப் பாட்டியாரின் கேள்வி. மூன்றில் அதுவே ஆழமானது என்பதைப் பின்னால்தான் கண்டேன். லாம்பெர்ட் ஒரு வேற்றுமையை வகுத்துக் காட்டினார்: ஆங்கிலக் குழந்தை பிரெஞ்சு கற்கும்போது அதன் தாய்மொழி தேசம் எங்கும் கோலோச்சுவதால், புதியது பழையதோடு கூடுகிறது, சிறுபான்மையோர் குழந்தைக்கோ, புதியது வரும்போது பழையது கழிந்துபோகக் கூடும். ஆங்கிலக் குழந்தைக்கு இமெர்ஷன் இரண்டாம் மொழி. நம் குழந்தைக்கு அது மூன்றாவது. ஆகவே செயிண்ட் லாம்பெர்ட்டின் தைரியத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம்பிக்கை தரும் ஆய்வொன்று டொராண்டோவிலேயே நடந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முதல் பாதி நாள் பிரெஞ்சில் பயின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, ஸ்வெய்னும் லாப்கினும் இன்னும் இருவரும் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டனர். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளுள், அம்மொழியை எழுதவும் வாசிக்கவும் அறிந்தவர்கள் பிரெஞ்சில் மற்றவர்களை மிஞ்சினார்கள். வீட்டு மொழியைக் கேட்டுப் பேச மட்டும் தெரிந்தவர்களுக்கு அத்தகைய அனுகூலம் இல்லை. வீட்டு மொழி பிரெஞ்சோடு உறவுடையதா, உறவற்றதா என்பதும் பொருட்டாகவில்லை. அந்நிய எழுத்துருவம் கொண்டதாயினும், ஒரு மொழியை வாசித்துப் பழகிய மனம் அடுத்த மொழியின் வாசற்படியை இலேசாக ஏறுகிறது.

இதைக் கண்டபோது தகப்பனார் சொன்னதும் பாட்டியார் கேட்டதும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதை உணர்ந்தேன். முதலில் ஒரு மொழியில் வாசிக்கப் பழகட்டும் என்றார் அவர். அந்த ஒரு மொழி ஆங்கிலமாகவே இருக்க வேண்டும் என்பது யார் வகுத்த நியதி? பிறந்தது முதல் காதில் விழுகிற மொழி தமிழ். எழுதுகிறபடியே ஏறக்குறைய வாசிக்கப்படும் எழுத்து தமிழெழுத்து. ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசிப்பின் இரகசியத்தைத் திறந்துகாட்ட அதைக் காட்டிலும் எளிய திறவுகோல் கிடைப்பது அரிது. ஆங்கிலத்துக்காக நாம் அஞ்ச வேண்டியதும் இல்லை. அது காற்றிலே வருகிறது. ஒன்டாரியோவில் 1977 முதல் அரசாங்கமே தாய்மொழி வகுப்புகளுக்கு வழிசெய்திருப்பதால், சனிக்கிழமைக் காலைகளில் பாடசாலைக் கட்டடங்களிலேயே தமிழ் கற்கவும் இயலும்.

மறுவாரம் தொலைபேசியில் தாய் கேட்டபோது, என் அபிப்பிராயத்தை இவ்விதம் சொன்னேன்: இப்பொழுதே இமெர்ஷனில் சேருங்கள், ஆனால் ஓர் ஏற்பாட்டின்மேல். செப்டம்பருக்குள் குழந்தை தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்; தொடங்கிய வாசிப்பு பிரெஞ்சு வந்த பின்பும் நிற்கக் கூடாது. அதற்கு வீட்டில் நேரமும் மனிதரும் இல்லையென்றால் நான்காம் வகுப்பு வரை பொறுங்கள். அந்த வாயிலும் நல்ல வாயிலே. “மனிதர் இருக்கினம் அண்ணை” என்றார் அவர். பின்னணியில் பாட்டியாருடைய குரல் கேட்டது. ஒரு சொல்லைச் சற்று நீட்டிச் சொல்லி நிறுத்துவார், குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும். ப, ட, ம், படம். த, ட, ம், தடம். கனடாவின் ஆங்கில வீட்டுக் கைக்குழந்தைகள் பத்து மாதத்தில் கைவிட்டுவிடுகிற அந்த இரு ஒலிகளையும், ஐந்து வயதுச் சிறுமி தனித்தனியே, கொஞ்சமும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.